அந்த எட்டுக்கால் ஐசிக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு

கோத்தகிரி

அன்புள்ள எல்லோருக்கும்,

முந்தாநாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் தேயிலை அனிமேஷனின் 1,800-ஆவது, கடைசி ஃபிரேம் முடிந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் உடனே போன் போட வேண்டும்போல் இருந்தது. அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? அதனால்தான் இந்த மடல். உங்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. யார் எதைச் செய்தீர்கள் என்று மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். அதில் ஜிடிஎக்ஸ் 970எம் கிராஃபிக்ஸ் கார்டு, 3 ஜிபி. 2014 அக்டோபரில் வந்த கார்டு, ஆனாலும் 1,280 கோர்கள் இருப்பதால் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் இன்னமும் நன்றாக உழைக்கும். சிறு தேயிலை விவசாயிகளுக்காக, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதில் தொடங்கித் தூளாகி வரும் வரை 75 விநாடி அனிமேஷன் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் மொத்தம் 1,800. ஒரு ஃபிரேமைக் கார்டு கணக்கிட்டு வரைய நாலு நிமிடம் என்றால் 120 மணி நேரம். இரவும் பகலும் ஓடினால் ஐந்து நாள். யாராவது ஒரு நிறத்தை மாற்றச் சொன்னால் மறுபடியும் ஐந்து நாள்.

கார்டின் பூஸ்ட் வேகம் 1,038 மெகாஹெர்ட்ஸ். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் வழியாக அதற்கு மேல் 135 வரைதான் கூட்ட முடியும். அந்தப் பூட்டு இருப்பது கார்டின் சொந்த ஃபர்ம்வேரில், அதாவது விபயாஸில். எந்த வேகத்தில் ஓடலாம், எத்தனை வாட் இழுக்கலாம், மெமரியோடு எந்தத் தாளத்தில் பேசலாம் என்பதெல்லாம் ஓர் எட்டுக்கால் ஐசிக்குள் இருக்கிறது. கோப்பாகப் பார்த்தால் நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சின்னது.

அந்தப் பூட்டைத் திறக்க, 970எம் என்று பெயர் போட்டிருந்த, யாரோ மாற்றி வைத்த ஒரு விபயாஸ் கோப்பை எடுத்து என் கார்டில் எழுதினேன். அது 6 ஜிபி கார்டுக்கானது. அதில் இருந்த மெமரி வேறு கம்பெனியுடையது. அடையாள எண் பொருந்தவில்லை என்று, விபயாஸை எழுதும் மென்பொருளான என்விஃபிளாஷ் எச்சரித்தது. அதையும் மீறி எழுதச் சொன்னேன். முதல் ரீஸ்டார்ட்டில் கோட் 43, அதாவது கார்டில் கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இரண்டாவதில் கார்டே பட்டியலில் இல்லை. திரைக்குப் படம் கொடுப்பது இன்டெல் கிராஃபிக்ஸ் என்பதால் லேப்டாப் மட்டும் எழுந்தது. கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கார்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இதே மாதிரி இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

தம்பி, முதல் நன்றி உனக்குத்தான். அதற்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் என்ன செய்யப் போகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல்ல ஒரிஜினலை எடுத்து வையுங்க" என்றாய். நான் அப்புறம் பார்க்கலாம் என்றேன். நீ விடவில்லை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, நீயே விபயாஸ் கோப்பைச் சேமித்து, உன் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய். என் லேப்டாப்பில் இருந்த பிரதியை, அதே பெயரில் வேறொன்றைச் சேமித்து நானே அழித்துவிட்டேன். இந்த உலகத்தில் என் கார்டுக்கே உரிய ஒரே ஒரு கோப்பு உன் ஹாஸ்டல் அறையில் இருந்தது. பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின இரவு அதை மெயிலில் அனுப்பினாய். அது போதாதென்று பென் டிரைவையும், சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் டியூப் ஒன்றையும் மேட்டுப்பாளையம் வரை வந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினாய். இரண்டு கோப்பும் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்த கண்டக்டர் அண்ணா, உங்களுக்கும் நன்றி. குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் மரம் விழுந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்ற நாள் அது. கொட்டும் மழையில் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, என் கையில் கொடுத்த பிறகுதான் டீ குடிக்கப் போனீர்கள்.

இப்போது குன்னூர் செல்போன் கடை அண்ணா. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் உங்கள் கடையில் அன்று நடந்ததை இன்னும் நூறு பேரிடம் சொல்வேன். லேப்டாப்பில் இருந்து கழற்றிய கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்குப் புதிது. ஆனால் டிவி போர்டிலும் லேப்டாப் பயாஸிலும் நீங்கள் தினமும் எழுதுகிற 25 வரிசை மெமரி ஐசிதான் இதிலும் இருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததுமே சொன்னீர்கள். உடனே ஐசியின் கால்களைப் பிடிக்கும் கிளிப்பை மாட்டவில்லை. முதலில் ஐசியின் மேல் இருந்த எண்ணைப் படித்து, அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று தேடி உறுதி செய்தீர்கள். 1.8 ஐசிக்கு 3.3 கொடுத்தால் அதோடு முடிந்தது என்றீர்கள். ஐசியைப் படித்து எழுதும் உங்கள் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரில் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் போகும் குறையை ஒரு காலைத் தூக்கி, மெல்லிய கம்பி வைத்து நீங்களே எப்போதோ சரிசெய்திருந்தீர்கள்.

கிளிப்பின் சிவப்புக் கம்பியை ஐசியின் புள்ளி இருந்த காலில் மாட்டி முதல் முறை படித்தபோது திரை முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப் என்றே, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் வந்தது. ஐசி செத்துவிட்டது என்று நான் நினைத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பழைய டூத் பிரஷ்ஷை ஐபிஏ ஆல்கஹாலில் நனைத்து எட்டுக் கால்களையும் தேய்த்தீர்கள். காய விட்டு மறுபடி மாட்டினீர்கள். எண்கள் வந்தன. "ஒரு தடவை படிச்சா நம்பக்கூடாதும்மா" என்று இரண்டாவது முறையும் படித்து, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டு, ஒன்றேதான் என்று தெரிந்த பிறகே அழித்தீர்கள், என் ஒரிஜினலை எழுதினீர்கள், சரிபார்த்தீர்கள். அந்தக் கெட்ட கோப்பையும் எனக்குக் கொடுத்து, "இதையும் வச்சுக்கோ, எங்க தப்புன்னு பாக்கலாம்" என்றீர்கள். முந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள்.

அந்தக் கெட்ட கோப்பு எவ்வளவு உதவியது தெரியுமா? தம்பியும் நானும் அதையும் ஒரிஜினலையும் ஹெக்ஸில், அதாவது பைட் பைட்டாக, பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். மெமரி டைமிங் இருக்கும் பகுதி முழுக்க வேறாக இருந்தது. அடுத்தவர் கோப்பை எடுக்காமல் என் ஒரிஜினலையே மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. என் கார்டின் தலைமுறையான மேக்ஸ்வெல் கார்டுகளுக்கான பயாஸ் ட்வீக்கர் மென்பொருளில் அதைத் திறந்து, 135 வரம்பை நீக்கி, பவர் வரம்பைச் சிறிதளவு கூட்டினோம். வோல்டேஜைத் தொடவில்லை. மெமரியைப் பற்றிய ஒரு பைட்டையும் தொடவில்லை.

வோல்டேஜைத் தொடாததற்குக் காரணம் நீங்கள், டீ ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அண்ணா. சுவர் பிளக்கில் மீட்டர் வைத்து முழு லோடில் 165 வாட் என்று காட்டினீர்கள். என் அடாப்டர் 180 வாட். "நூறு மணி நேரம் நிற்காம ஓடணும்னா இதுக்கு மேல கேக்காதே" என்றீர்கள். ராத்திரி ஃபேக்டரியில் தேயிலையை வாட்டும் வாடல் தொட்டி ஃபேன்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் தெருவில் மின்சாரம் எப்படித் துள்ளும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கேட்காமலே உங்கள் வீட்டு ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இந்த வாரம் திருப்பித் தந்துவிடுகிறேன்.

இயற்பியல் டீச்சர், உங்களிடம் நான் வந்தது ஒரு சந்தேகத்தோடு. மார்கழிக் குளிரில் கார்டு கோவையில் ஓடுவதைவிட ரொம்பக் குளிர்ந்து ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஓடியது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் ஏன் என்று கேட்டேன். "பருப்பு ஏன் இங்க குக்கர் இல்லாம வேக மாட்டேங்குது?" என்று திருப்பிக் கேட்டீர்கள். 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதே அழுத்தக் குறைவால் காற்றும் மெலிந்திருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே கனஅளவுதான் தள்ளுகிறது, ஆனால் அதில் சூட்டைச் சுமக்க காற்று குறைவு. மேல்நாட்டார் எழுதி வைக்கும் வெப்ப அளவுகளை நம் மலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். நீங்கள் சொன்னபடி லேப்டாப்பின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கினேன், பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டேன். 91 டிகிரி காட்டிய கார்டு, கூடுதல் வேகத்திலும் 76-ல் நின்றது.

முடிவில் 1,240 மெகாஹெர்ட்ஸ். ஃபிரேமுக்கு மூன்று நிமிடம் இருபது விநாடி. 120 மணி நேரம் 100 ஆனது. இருபது மணி நேரம் பெரிதா என்று யாராவது கேட்கலாம். ஒரு திருத்தத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் மிச்சம். எனக்கு இரண்டு திருத்தம் வந்தது. ஆமாம், பெரிது.

இதைக் கேள்விப்பட்டு என் கார்டையும் மாற்றித் தா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் விபயாஸின் டிஜிட்டல் கையெழுத்தைக் கார்டே சரிபார்க்கிறது. திருத்திய கோப்பை ஏற்காது. அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் பேஸ்ட்டை மாற்றி, டிரைவர் தரும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய 900 வரிசை மேக்ஸ்வெல் கார்டு தனிப் பலகையாக இருந்தால் வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். போர்டிலேயே பற்றவைத்த கார்டு என்றால் பல லேப்டாப்புகளில் விபயாஸ் மெயின் பயாஸுக்குள் இருக்கும், அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. எதுவானாலும் ஒரிஜினலை இரண்டு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

அம்மா, ஒன்பது நாள் ஹால் மேசையை விட்டுக்கொடுத்தீர்கள். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும் என்று திறந்து கிடந்த போர்டின் மேல் அப்பாவின் துவைத்த வேட்டியைப் போர்த்திவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல் போனீர்கள். அதற்கு நான் இன்னும் உங்களிடம் நேரில் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தம்பி, உன் பென் டிரைவ் அம்மாவின் பீரோவில், பத்திரங்களோடு இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள். அதில் இப்போது மூன்று கோப்பு இருக்கிறது: ஒரிஜினல், கெட்டது, நாம் செய்தது.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கோத்தகிரி அனிமேஷன்காரி