பாப்பாவின் மேல்படிப்பு பற்றி, மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் பேப்பர் படிக்க ஆரம்பித்தார், நானும் நேற்றுதான் மூச்சு விட்டேன். டாக்டர்களின் மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் பாப்பா நல்ல ரேங்க் எடுத்துவிட்டாள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆறாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து வாழைப்பழத் தோலில் தையல் போட்டுப் பழகியவள் அல்லவா.

சரி, பாப்பா பிளாஸ்டிக் சர்ஜன் ஆக எந்த வழியில் போகலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போக இரண்டு வழி. மூன்று வருஷம் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி (பொது அறுவை சிகிச்சை) முடித்து, நீட் எஸ்.எஸ். என்ற அடுத்த நுழைவுத் தேர்வை எழுதி, மறுபடி மூன்று வருஷம் பிளாஸ்டிக் சர்ஜரிக்கான எம்.சிஹெச். பட்டம் படிப்பது ஒன்று. இப்போது எடுத்த ரேங்க்கை வைத்தே நேரடியாக டி.ஆர்.என்.பி. என்ற ஆறு வருஷ பிளாஸ்டிக் சர்ஜரி படிப்பில் சேர்வது இன்னொன்று. தங்கச்சி இரண்டாவதையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரிகிறது. இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை, நடுவில் காத்திருப்பு இல்லை, கல்யாணப் பேச்சை எப்போது எடுக்கலாம் என்று இப்போதே கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனாலும் நான் ஜெனரல் சர்ஜரி என்றுதான் சொல்வேன். மூன்று வருஷம் கழித்து அவள் மனசு மாறினாலும், எம்.சிஹெச். சீட் கிடைக்காமல் போனாலும், கையில் ஒரு பட்டம் இருக்கும், அவள் ஒரு சர்ஜன். ஆறு வருஷப் படிப்பில் பாதியில் வெளியே வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதோடு நீட் எஸ்.எஸ்.ஸில் கேட்பதே ஜெனரல் சர்ஜரிதான், மூன்று வருஷம் வார்டில் ஒழுங்காக வேலை பார்த்தவளுக்கு அந்தத் தேர்வைக் கண்டு இவ்வளவு பயம் வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நான் எம்.எஸ். படித்தபோது பாதி ராத்திரிகள் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணோடுதான் கழிந்தன. கருத்துப்போன சதையை வெட்டிக்கொண்டே போவோம், கத்தி பட்டதும் புள்ளி புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்க்கிற இடத்தில் நிறுத்துவோம். எது செத்தது, எது பிழைக்கும் என்று என் விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை அந்தக் கால்கள்தான். இரண்டாம் வருஷம் ஒரு நாள், ஒட்டுவதற்குத் தோலை மெல்லிசாகச் சீவி எடுக்கிற ஹம்பி கத்தியை என் கையில் கொடுத்தார்கள். தொடையில் எண்ணெய் தடவி, பலகையால் தோலை இழுத்துப் பிடித்து, ரம்பம் ஓட்டுவதுபோல மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் வெங்காயச் சருகு மாதிரி தோல் சுருண்டு ஏறும். அதைப் பூக்காரம்மா ஒருவரின் காலில் ஒட்டி, ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தேன். இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. பிளாஸ்டிக் சர்ஜரிதான் என்று நான் முடிவு செய்தது அன்றைக்கு.

அப்புறம், எந்தக் காலேஜ் என்று கேட்டிருந்தாய். பெயரையும் ஊரையும் பார்த்து சீட் எடுக்கவேண்டாம். அங்கே இப்போது படிக்கிற பி.ஜி.க்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்: நீங்களே எத்தனை கேஸ் செய்கிறீர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு சீனியருக்கு போன் போட்டால் திட்டாமல் எடுப்பாரா. இரண்டாவது கேள்வியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், எம்.சிஹெச். முதல் வருஷம், பைக் விபத்தில் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்த ஒரு பையனுக்குத் தொடைச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து வைத்து மூடியிருந்தோம். மணிக்கொரு தடவை அதன் நிறத்தைப் பார்ப்பது என் வேலை. இரண்டு மணிக்கு லேசாக நீலம் பாய்ந்ததுபோல் தெரிந்தது. அங்கே ராத்திரியில் எழுப்பினால் மறுநாள் எல்லார் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும், அதனால் இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ரத்தம் வெளியேறுகிற சிரை அடைத்துப்போயிருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோயும் நாங்கள் வைத்த அந்தச் சதையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை, மாப்ளே.

பாப்பா நேரடிப் படிப்புதான் என்று உறுதியாக இருந்தால் தடுக்காதே. தீக்காயமும் விபத்தும் நிறைய வருகிற ஆஸ்பத்திரியாக மட்டும் பார்த்துச் சேரட்டும். கை அறுவை சிகிச்சை மட்டுமே செய்யவேண்டும் என்று அவளுக்கு ஆசையிருந்தால் எலும்பு மருத்துவம் படித்துவிட்டு அதற்கான ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சிக்குப் போகிற வழியும் உண்டு. எம்.எஸ். முடித்து அரசு வேலையில் சேர்ந்தால், நம் மாநில அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதி பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு ஒதுக்கப்படுகிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்புக்கு நம் ஊரைப்போல ஊர் கிடைக்காது. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்ட் தசைநாண் மாற்றி நிமிர்த்தியது வேலூரில். பேராசிரியர் வெங்கடசாமி 1971-ல் கைக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில். தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி, நசுங்கிய கைக்கும் காலுக்கும் கோவை கங்கா ஆஸ்பத்திரி. எம்.சிஹெச். முடித்தபின் ஃபெலோஷிப்புக்கு அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கண்ணைத் திறப்பதற்கு இங்கேயே போதும்.

கவுன்சலிங்குக்கு முன்னால் அவளை ஒரு வியாழக்கிழமை இங்கே அனுப்பு. அன்றைக்கு எனக்குப் பெரிய கேஸ் இருக்கும், முடிய எட்டு மணி நேரம் ஆகலாம். மைக்ரோஸ்கோப் பக்கத்தில் நின்று, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ஒரு மில்லிமீட்டர் குழாயைத் தைப்பதைப் பார்க்கட்டும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்