ஏற்காட்டில் வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு கொத்தனாரின் திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கு வணக்கம்.

சேலத்தில் நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவன் நான். போன மாசம் மகள் குடும்பத்தோடு ஏற்காடு வந்தேன். வண்டி ஓட்டியவர் யார், எந்த ஸ்டாண்டு என்று சொல்லப் போவதில்லை. ஒரு காபி எஸ்டேட் ஓர ரோட்டில் நிறுத்தி, "ஐயா, இங்கே மலையே வண்டியை இழுக்கும் பாருங்க" என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டார். வண்டி மேட்டைப் பார்த்துத் தானாக நகர்ந்தது. பேரப்பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

உள்ளே காந்தப் பாறை இருக்கிறதாம், சித்தர் சமாதியும் இருக்கிறதாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வளைவில் எதிரே ஒரு பஸ் திரும்பியது. பிரேக் இரண்டு மிதிக்குப் பிடித்தது, மூன்றாவது மிதிக்குக் கல்லாக இறுகிவிட்டது. ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது. ஹேண்ட் பிரேக்தான் காப்பாற்றியது. இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணைவிசை கிடைக்கும். 20 கொண்டை ஊசி வளைவில் தினம் ஏறி இறங்கும் உங்களுக்கு இது தெரியாததா?

மனசு கேட்கவில்லை. மறுவாரம், தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் என் லெவல் டியூபை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு அதே இடத்துக்குப் போனேன். டியூபில் தண்ணீர் நின்ற மட்டத்தைப் பார்த்தால், மேடு என்று நாம் நினைத்த முனை ஒரு சாண் பள்ளம்! ரோட்டோர சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. மிளகுக்கொடி சுற்றிய அந்த மரத்தையே கண் நேர்செங்குத்து காட்டும் தூக்குக்குண்டாக எடுத்துக்கொள்கிறது. எதிரே மலை மறைப்பதால் வானம் தொடும் கோடும் தெரிவதில்லை. "கண்மட்டத்தை நம்பாதே" என்று என் மேஸ்திரி திட்டியது அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது.

லடாக்கில் லே பக்கத்துக் காந்த மலையிலும் இதே சங்கதிதான். இத்தாலியில் ஆராய்ச்சியாளர்கள் மேசை மேல் சின்ன ரோடு மாதிரி செய்து, இது கண்மயக்கம் என்று 2003-ல் எழுதினார்கள்.

காந்தம்தான் இழுக்கும் என்றால் சேலம் பக்கத்து நம் கஞ்சமலை அல்லவா இழுக்க வேண்டும்? அங்கே இருப்பது காந்த இரும்புத் தாது. அதன் அடிவாரத்தில் எந்த பஸ்ஸும் மேலே இழுபடுவதில்லை. சித்தர் கதையும் கஞ்சமலையுடையதுதான், யாரோ இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். கதை இப்படி ஊர் மாறும். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ஒரு ரயில்வே கேட் அருகே, ரயில் மோதி இறந்த பள்ளிப் பிள்ளைகள் காரைத் தள்ளுவதாக நம்பிக்கை. பிள்ளைகள் இறந்தது நிஜம், ஆனால் அது 1938-ல் யூட்டா என்ற வேறு மாநிலத்தில் நடந்த விபத்து.

கதை சொல்லுங்கள் தம்பி, அதைக் கேட்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். சேர்வராயன் குகைக்கோயிலில் காவேரியம்மனும் இருக்கிறாள், அவளைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த ரோட்டையும் காட்டுங்கள். ஆனால் வண்டியை ஓரம் கட்டி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள். கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ரோட்டில் படுக்க வைத்தால் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் மேடு. அவர்கள் முகத்தைப் பாருங்கள் அப்போது.

அடுத்த ஞாயிறு வருகிறேன். என் லெவல் டியூபை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். எனக்கு இனி அதில் வேலை இல்லை.

அன்புடன்,
சேலத்துக் கொத்தனார்