தட்டானுக்கு ஆயுள் ஒரு நாளா, பெரியப்பா?

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

குடும்பக் குழுவில் விடிவதற்கு முன்பே நீங்கள் அனுப்பும் 'உங்களுக்குத் தெரியுமா?' தகவல்களை நான் தவறாமல் படிக்கிறேன். மற்றவர்கள் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் கடைசி வரி வரை படிக்கிறேன். அதனால்தான் இந்த வம்பு. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றீர்கள். உண்மை. நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்றீர்கள். தெரியாது; ஆனாலும் சீனச் சுவர் நமக்குப் பங்காளியா என்ன என்று விட்டுவிட்டேன். போன வாரம் வந்ததை மட்டும் விட முடியவில்லை: 'தட்டான் பூச்சியின் ஆயுள் வெறும் 24 மணி நேரம். ஆனாலும் அது சிரித்துக்கொண்டே பறக்கிறது. நீயோ கவலைப்படுகிறாய்!'

தட்டான் சிரிப்பதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஆயுளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. குழுவில் பதில் போட்டால் பெரியவரை எதிர்த்துப் பேசியதாக அத்தை வருத்தப்படுவார். தவிர, எல்லோர் வீட்டுக் குழுவிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார். எனவே பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்த 24 மணி நேரம் மேஃபிளை என்ற வேறொரு பூச்சியின் கணக்காக இருக்க வேண்டும். அதில் பல வகைகள் இறக்கை முளைத்த பிறகு சில மணி நேரமோ ஓரிரு நாட்களோதான் உயிரோடிருக்கும். சாப்பிடுவதற்கு வாய்கூட வேலை செய்யாது. அதுவும் அதற்கு முன்பு நீருக்குள் மாதக்கணக்கில் வாழ்ந்துவிட்டு வந்ததுதான். தட்டான் கதை வேறு. நீருக்குள் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்று வளரும் இளம்பருவம் சில வகைகளில் ஆண்டுக்கணக்கில்கூட நீளும். இறக்கை வந்த பிறகும் வாரக்கணக்கில் வாழும். அந்த வாரங்களில் நம்மூர் வழியாகப் போகும் ஒரு தட்டான் என்ன செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மழைக்காலத்தில் கண்மாய்க்கரைப் பொட்டலில் நூற்றுக்கணக்கில் சுற்றுமே, மஞ்சளும் பழுப்பும் கலந்த உடம்போடு, எதிலும் உட்காராமல்? அதன் அறிவியல் பெயர் பன்டாலா ஃபிளாவசென்ஸ். சிறு வயதில் வாலில் நூல் கட்டுவதற்கு அகப்படாத தட்டான் அது. மணிக்கணக்கில் பறந்துகொண்டேயிருக்கும், இறங்கினால் ஏதாவது குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். நீளம் நாலரை சென்டிமீட்டர். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இனி மாலத்தீவுக்கு வாருங்கள். அங்குள்ள தீவுகள் பவளப்பாறையும் மணலும் சேர்ந்தவை. பெய்த மழை மணலுக்குள் இறங்கிவிடும். குளம் குட்டை என்று சொல்லும்படி நன்னீர் தரைமேல் ஏறக்குறைய இல்லை. நன்னீர் இல்லாமல் தட்டான் முட்டையிட முடியாது. ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் லட்சக்கணக்கான தட்டான்கள் அங்கே வந்து குவிகின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. வந்தன, போயின, அவ்வளவுதான். அங்கே குடியிருந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்குத்தான் உறுத்தியது. கடலாய்வுக்கு வந்த மனிதர் பூச்சியின் பின்னால் போனார். எந்தத் தீவில் எந்தத் தேதியில் முதலில் தென்பட்டன என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். பக்கத்து நாட்டுப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது தேதிகள் வரிசையாக நின்றன: தென்னிந்தியாவில் செப்டம்பர், மாலத்தீவின் தலைநகர் மாலேயில் அக்டோபர், பிறகு தெற்கேயுள்ள தீவுகள், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவுகளின் வடபகுதியில் நவம்பர், அதே நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள அல்டாப்ராவில் டிசம்பர். இந்தியாவிலிருந்து செஷல்ஸ் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். அல்டாப்ரா 3,800. நடுவில் கடலைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லை. 2009இல் அவர் கட்டுரை வெளியானது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அக்டோபரில் மாலத்தீவில் தரையில் நின்றால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். தட்டான்களோ வடகிழக்கே இந்தியாவிலிருந்து வருகின்றன. எதிர்காற்றில், மூன்றில் ஒரு கிராம் உடம்போடு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டுவது நடக்காத காரியம். விடை தலைக்கு மேலே இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று விலகி வடகிழக்குக் காற்று இறங்கிவரும் பருவம் அது. இரண்டும் சந்திக்கும் மண்டலத்தில், தரையில் இன்னும் மேற்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே, ஆயிரம் மீட்டருக்கு மேலே வடகிழக்குக் காற்று ஓடத் தொடங்கிவிடுகிறது. தட்டான்கள் அந்த உயரத்தில் பயணம் செய்கின்றன என்பது ஆண்டர்சனின் முடிவு. இந்த இனத்தை இமயமலையில் 6,200 மீட்டர் உயரத்திலேயே பார்த்திருக்கிறார்கள் என்பதால் ஆயிரம் மீட்டர் அதற்குப் பெரிய ஏற்றமில்லை. பின்னிறக்கையின் அடிப்பகுதி அகன்றது. அடிக்கடி அடிக்காமல் மிதந்தே வெகுதூரம் போகலாம். வழியில் அதே காற்று தூக்கிவரும் சின்னப் பூச்சிகள்தான் சாப்பாடு.

இங்கே ஓர் இடைச்செருகல், மன்னியுங்கள். வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம் என்று முன்பு ஒருமுறை அனுப்பினீர்களே, அதுவும் இதே போன்ற பாதிச் செய்திதான். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அது வரை சரி. ஆனால் அது மற்ற பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால் ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே 117 நாட்கள்தான். அங்கே ஓர் ஆண்டுக்குள் கிட்டத்தட்ட இரண்டு முறை விடியும், அதுவும் மேற்கே! இவ்வளவு நல்ல சரக்கை வெட்டிவிட்டு ஒற்றை வரியை மட்டும் அனுப்புகிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம், உங்கள்மீது இல்லை.

தட்டானுக்குத் திரும்புகிறேன். 'கடல் கடந்ததை நீ பார்த்தாயா?' என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் 2006இல் பச்சை நிறப் பெரிய தட்டான் வகை ஒன்றின் உடலில் ரேடியோ கருவி ஒட்டி, சிறு விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கருவியின் எடை 300 மில்லிகிராம். நம் தட்டானின் மொத்த எடையே அவ்வளவுதான்! ஆகவே வேறு வழி தேடினார்கள். மழைநீரில் சாதாரண ஹைட்ரஜனோடு அதைவிடக் கனமான வகை ஹைட்ரஜன் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். குட்டையில் வளரும் குஞ்சின் உடம்பில் அந்த விகிதம் பதிகிறது. இறக்கை உருவாகி இறுகிவிட்டால் பிறகு மாறுவதில்லை. பிறந்த ஊர் எழுதிய ரேஷன் அட்டையை முதுகிலேயே சுமந்து திரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கைகளைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள்: அவை தென்னிந்தியாவில் பிறந்தவை அல்ல, இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியைச் சேர்ந்தவை. கடலைத் தொடுவதற்கு முன்பே தரைமேல் அவ்வளவு தூரம் வந்திருக்கின்றன. நம் கண்மாய்க்கரையில் ஐப்பசியில் சுற்றுபவற்றிலும் வெளியூர்க்காரர்கள் இருக்கக்கூடும்.

ஏன் இந்தப் பாடு? மழைதான். 'தட்டான் தாழப் பறந்தால் மழை வரும்' என்று அப்பத்தா சொல்வார்களே. இந்த இனத்தைப் பொறுத்தவரை வாழ்க்கையே மழையைத் துரத்துவதுதான். மீன் இல்லாத தற்காலிகக் குட்டைகளைத் தேடி முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் குஞ்சு இறக்கை முளைத்துக் கிளம்ப வேண்டும். ஆறு வாரங்களிலேயே கிளம்பிவிடுகிறது. (அவசரத்தில் காரின் பளபளப்பான மேற்பரப்பைத் தண்ணீர் என்று நம்பி அதில் முட்டையிடுவதும் உண்டு. சித்தப்பாவின் புதுக்காரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.) இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஓயும் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை. அங்கிருந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிகள். பிறகு மறுபடி கிழக்கு ஆப்பிரிக்கா. கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியா. சுற்று முழுவதும் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது ஆண்டர்சனின் மதிப்பீடு. ஒரே தட்டான் அவ்வளவும் போவதில்லை. ஏறக்குறைய நான்கு தலைமுறைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. புறப்பட்டதன் கொள்ளுப்பேரன்தான் திரும்பி வருகிறான், அதுவும் யாரும் வழி சொல்லிக்கொடுக்காமல்.

இந்தக் கூட்டத்துக்குத் துணையும் உண்டு, துணை என்று சொல்லலாமென்றால். சைபீரியா, வடசீனப் பக்கமிருந்து வரும் அமூர் வல்லூறுகள் அதே பருவத்தில் அதே காற்றில் அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன. வழியில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் தங்கும் அவற்றை 2012 வரை வலை விரித்து ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அது வெளியில் தெரிந்த மறு ஆண்டே ஊர்மக்கள் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்கு நாகா, வோகா, பாங்டி என்று பெயரிட்டுச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். கடல்மேல் அந்த வல்லூறுகளுக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கிறது என்ற கேள்விக்கும் ஆண்டர்சன் சொன்ன பதில், கூடவே பறக்கும் தட்டான்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எப்படியும் விடிகாலையில் எழுந்துவிடுகிறீர்கள். வருகிற புரட்டாசி, ஐப்பசியில் கண்மாய்ப் பக்கம் நடக்கும்போது இந்தக் கூட்டம் கண்ணில் பட்டால், குச்சியில் தொங்கும் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் படமெடுங்கள். இறக்கை நுனி கிழிந்திருக்கிறதா, கண்ணாடி போலப் புதிதாக இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். கிழிந்திருந்தால் நெடுநாள் பறந்தது என்று ஊகிக்கலாம். தேதி, இடம், காற்றின் திசை மூன்றையும் சேர்த்துக் குழுவில் போடுங்கள். பார்த்த உயிரினங்களை யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே நான் ஏற்றிவிடுகிறேன். ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். முதல்முறையாக யாரும் உங்களுக்கு அனுப்பாத ஒரு தகவலை நீங்கள் அனுப்பியிருப்பீர்கள்.

பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும். வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துத் தின்றால் உயிர் போய்விடும் என்ற செய்திக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்