பதக்கங்களைத் துலக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைவீரராக இருந்த அப்பா மறைந்ததும் பிள்ளைகள் அவருடைய பதக்கங்களை எடுத்துப் பளபளவென்று துலக்குகிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகிறது. விளிம்பில் பொறித்த பெயரும் படை எண்ணும் மழுங்கிவிடும். பிவிசி எனும் பிளாஸ்டிக் உறையும் ஆகாது. நாளடைவில் அதிலிருந்து கசியும் அமிலம் செம்பையும் வெண்கலத்தையும் பச்சை பிடிக்க வைக்கும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, வெளிச்சம் படாமல் வைத்தால் நாடாவின் நிறமும் நிற்கும்.

கடிதங்களை லேமினேஷன் செய்வது அதைவிடப் பெரிய தவறு; பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடிக்கும் குண்டூசிகளை எடுத்துவிட்டு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு விடும்.

இரங்கல் குறிப்பில் பதவி, படைப்பிரிவு, பணிக்காலம் ஆகியவற்றை படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் விடுவிப்புச் சான்றிதழைப் பார்த்தே எழுத வேண்டும். வீட்டில் உலவும் சாகசக் கதைகளில் (அவை வயதோடு வளர்பவை!) ஆண்டும் இடமும்தான் முதலில் பிசகும். அதற்காக அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. "அப்பா சொல்வார்" என்று தொடங்கி எழுதலாம். உடன் பணியாற்றியவர்களிடம் "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு பேச்சு முடியும். "இரவுக் காவலில் என்ன பேசிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்