பன்னிரண்டு தலைமுறையும் ஒரு கோடரியும்

மொன்றியல்

அன்புள்ள மகளுக்கு,

உன் மாமியார் வீட்டுச் சுவரில் தொங்கும் வம்ச வட்டத்தைப் பற்றி நீ தொலைபேசியில் சொன்ன நாள் தொடக்கம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நடுவில் மருமகனின் பெயர், அதைச் சுற்றித் தாய் தகப்பன், அதற்கும் வெளியே பாட்டன் பாட்டி, அப்படியே பன்னிரண்டு சுற்று போய் விளிம்பில் 1634 என்று நிற்கிறதாம். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் புதிய வட்டம் செய்விக்கப் போவதாகச் சொல்லி, "உங்கள் பக்கம் எத்தனை தலைமுறை எழுதலாம்?" என்று சம்பந்தி அம்மா கேட்டார். அன்பாகத்தான் கேட்டிருப்பார். நீ பூட்டனோடு நின்றுவிட்டாய். "அவர்களுக்கு முன்னால் குறுகிப்போனேன் அப்பா" என்றாய். அந்தச் சொல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

அதனால் அந்த விளிம்பில் நிற்கும் மனிதர் யார் என்று பார்த்துவிடலாம் என்று நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். என் பிரெஞ்சு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே கற்றது. ஆனாலும் பெயர், தேதி, காணிக் கணக்கு ஆகியவற்றைப் படிக்க அது போதும். படித்தபின் சொல்கிறேன்: நீ அந்த ஆளுக்கு முன்னால் குறுகவேண்டிய அவசியமே இல்லை. அவர் நம் மாதிரி ஆள்.

அவர் பெயர் சக்கரி குளூத்தியே. பிரான்சில் பெர்ஷ் என்ற பகுதியில் மோர்த்தாங் ஊர்க்காரர். தச்சர். 1634 மார்ச்சில் அதே ஊரில் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். ரொபேர் ஜிபார் என்ற மருந்து வணிகருக்குக் கியூபெக் பக்கத்தில் போபோர் என்ற இடம் அந்த ஆண்டு சனவரியில்தான் பிரபுத்துவ நிலமாகக் கிடைத்திருந்தது. காட்டை வெட்ட, வீடு கட்ட ஆள் வேண்டும். குளூத்தியேயும், ழான் கியோன் என்ற கல்தச்சரும் மூன்று ஆண்டு உழைப்பது, அதற்கு ஆளுக்கு ஆயிரம் ஆர்ப்பன் காணி பெறுவது என்பது பேச்சு. ஆயிரம் ஆர்ப்பன் என்றால் எண்ணூறு ஏக்கருக்கு மேல். நம் ஊரில் நாலு பரப்புத் தோட்டத்துக்கு மூன்று தலைமுறை வழக்கு நடந்ததை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

ஆக, அரசனின் தூதரும் இல்லை, படைத்தலைவரும் இல்லை. ஏசெண்டை நம்பிக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மனைவி சாந்த் டியுபோனும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. கையொப்பம் வேண்டிய இடத்தில் ஒரு கோடரியின் உருவத்தைக் கீறி வைப்பார். அந்தக் கோடரி பத்திரங்களில் இன்றும் இருக்கிறது. ஆயுதமே கையெழுத்தாக வாழ்ந்த மனிதர். பெருவிரல் ரேகை வைத்த என் அப்பப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கைநாட்டு என்று நினைத்து அவரை யாரும் ஏய்க்க முடியவில்லை. காணி கைக்கு வந்ததும் ஜிபார் தனக்குப் பணிந்து மரியாதை செய்யச் சொன்னார். பழைய பிரெஞ்சு முறைப்படி, காணி பெற்றவன் பிரபுவின் வீட்டு வாசலில் தொப்பியும் வாளும் இல்லாமல் முழந்தாளிட்டு விசுவாசம் சொல்லவேண்டும். இருவரும் மறுத்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1646இல் ஆளுநர் மோன்மன்யி பிரபுவின் பக்கம் தீர்ப்புச் சொல்ல, கியோன் போபோர் வாசலில் முழந்தாளிட்டார். குளூத்தியே முரண்டு பிடிக்கிறவர். கியோனோடும் எல்லைத் தகராறு வைத்துக்கொண்டார். கடைசியில் 1670இல் போபோர்க் காணியை விற்றுவிட்டு, ஆற்றோரமாக இன்னும் கிழக்கே ஷாத்தோ ரிஷேயில் குடியேறி, 1677இல் அங்கேயே இறந்தார். முதலாளியோடு சண்டை, கூட்டாளியோடு வேலிச் சண்டை, பிறகு வீடு மாற்றம். இந்த ஆளை நான் வல்வெட்டித்துறையிலும் கண்டிருக்கிறேன், ஸ்காபரோவிலும் கண்டிருக்கிறேன்.

சம்பந்தி பெருமையோடு சொல்லும் ஒரு விஷயம் உண்டென்றாய்: கனடாவில் பாதுகாக்கப்பட்ட மிகப் பழைய திருமண ஒப்பந்தம் அவர்களுடைய குடும்பத்தது என்று. உண்மைதான். 1636 யூலை 27ஆம் தேதி, குளூத்தியேயின் மகள் ஆனுக்கும் ரொபேர் ட்ரூவானுக்கும் எழுதப்பட்டது. அதை எழுதியவர் ழான் கியோன்தான். அவருக்குப் பேனா பிடிக்கத் தெரியும். ஆனால் ஆனுக்கு அப்போது பத்து வயது, மகளே. அடுத்த ஆண்டு கல்யாணம் நடந்தபோது பதினொன்று. குடியேற்றத்தில் பெண்கள் மிகக் குறைவு, அதனால் அப்படி நடந்தது என்று புத்தகங்கள் விளக்குகின்றன. விளக்கம் புரிகிறது, வயிறு எரிவது நிற்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் இறந்துவிட்டாள். வட்டத்தில் அவள் பெயர் இருந்தால் கொஞ்சம் நின்று பார்.

அந்த ஒரு தச்சரிடமிருந்து எவ்வளவு பேர் வந்தார்கள் தெரியுமா? 1800ஆம் ஆண்டுக்குள் 10,850 வழித்தோன்றல்கள் என்று மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம் கணக்கிட்டது. முதற் குடியேறிகளில் வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. அடுத்த இடம் யாருக்கு? எல்லைச் சண்டை போட்ட அதே கியோனுக்கு, 9,674. பாடகி செலின் டியோனும் மடோனாவும் குளூத்தியேயின் வழிவந்தவர்கள். இங்கிலாந்து அரசி கமிலாவுக்கும் அந்த ஒட்டு உண்டு. ஆகவே உன் மாமியாரின் பெருமை நியாயமானது, ஆனால் அபூர்வமானது அல்ல. பிரெஞ்சு வேர் உள்ள கியூபெக்காரர் பத்துப் பேரைக் கூட்டிவைத்து விசாரித்தால் பெரும்பாலானவர்கள் இந்தத் தச்சரிடம் வந்து முட்டுவார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1666இல் குடியேற்றத்தின் நிர்வாகி தலோன் எடுத்த முதல் குடிசன மதிப்பில் மொத்தமே 3,215 பேர்தான். அவ்வளவு சிறிய இடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவாகத்தானே வேண்டும்.

அவர்கள் காணியைப் பங்கு போட்ட விதம்தான் என்னை வெகுநேரம் உட்காரவைத்தது. சென் லோரன்ஸ் ஆறுதான் அன்றைக்குத் தெரு. எல்லோருக்கும் ஆற்றுமுகம் வேண்டும் என்பதால் காணிகளை ஆற்றங்கரையில் ஒடுக்கமாகவும் உள்ளே நீளமாகவும் நாடா நாடாவாக அளந்தார்கள். தகப்பன் இறந்தால் பிள்ளைகளுக்குப் பங்கு. நாடா நெடுக்காகக் கிழிந்து இன்னும் ஒடுங்கும். குடும்பத்துக்குப் பத்துப் பிள்ளை, பன்னிரண்டு பிள்ளை. எவ்வளவு காலம் தாங்கும்? 1840 தொடக்கம் 1930 வரை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் கியூபெக்காரர்கள் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனார்கள். லோவெல், மான்செஸ்டர், வூன்சொக்கெட் போன்ற ஊர்களின் பஞ்சாலைகளில் குடும்பம் குடும்பமாக, சிறுபிள்ளைகள் உட்பட, வேலை செய்தார்கள். பிரெஞ்சு பேசியதற்காக அங்கே ஏளனம் பட்டார்கள். மருமகனின் பாட்டனாருடைய சகோதரிகள் மசச்சூசெட்சில் என்று நீ ஒருமுறை சொன்னாயே, அது இந்தக் கதைதான். உன்னைக் கேள்வி கேட்ட குடும்பத்திலும் இரண்டு முறை ஊர்விட்டு ஊர் போன கதை இருக்கிறது. அதை வட்டத்தில் யாரும் எழுதுவதில்லை.

அவர்கள் வெட்டிய காடு ஆளில்லாக் காடும் அல்ல. இந்த மண்ணின் பூர்வகுடிகளான இன்னு மக்களும் பிறரும் அந்த ஆற்றங்கரையில் முன்பே நடமாடியவர்கள். நோயாலும் போராலும் நொறுங்கிய வென்டாத் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களில் ஒரு பகுதியினர் 1650இல் கியூபெக்குக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள். உன் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் வென்டாக்கே அவர்களுடைய ஊர். பிள்ளைக்குக் கதை சொல்லும்போது இதையும் சொல். கேட்கத் தொடங்கினால் பாதிக் கதையோடு எந்தப் பிள்ளையும் நிற்காது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அவர்களிடம் பன்னிரண்டு தலைமுறை இருக்கிறது, நம்மிடம் ஏன் இல்லை? அவர்கள் நம்மைவிட உறவை மதித்தவர்கள் என்பதால் அல்ல. கோவிற்பற்றுக் குருமார் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் சாவையும் எழுதினார்கள், பின்னர் இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். பெண்களைத் தகப்பன் வழிப் பெயரிலேயே பதிந்தார்கள். கல்யாணத்தோடு பெயர் மறையவில்லை, அதனால் தாய்வழியும் தொடர்கிறது. நம் பக்கத்திலோ உன் பூட்டியைச் சின்னாச்சி என்றே எல்லோரும் அழைத்தார்கள். காகிதத்தில் அவள் பெயர் என்னவென்று எனக்கே தெரியாது. இருந்த காகிதமும் போய்விட்டது. காணி உறுதிகளும் கல்யாணப் பதிவும் அடங்கிய தகரப்பெட்டியை 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஆனால் நூலகத்தில் இதைப் படித்தபோது நான் எழும்பி நின்றுவிட்டேன்: 1640 யூனில் கியூபெக்கின் தேவாலயம் தீப்பற்றி எரிந்தது. அதுவரை எழுதிய பதிவேடுகள் எல்லாம் சாம்பல். பிறகு ஆட்களைக் கேட்டு, யார் யாரை எப்போது கட்டினார், யாருக்கு எந்தப் பிள்ளை என்று நினைவிலிருந்து திரும்பவும் எழுதினார்கள். சம்பந்தி வீட்டு வட்டத்தின் வெளிச்சுற்றில் ஒரு பகுதி அப்படி ஞாபகத்தில் மீட்டதுதான். அதை எல்லோரும் ஆவணம் என்றே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் நாமும் செய்யலாம். ஸ்காபரோவில் பெரியமாமி இருக்கிறார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று மறந்துவிடுகிறார். ஆனால் தன் அப்பப்பாவின் கல்யாணத்துக்கு எந்த ஊரிலிருந்து மேளம் வந்தது என்று தடுமாறாமல் சொல்கிறார். சனிக்கிழமை பின்னேரம் அவரை அழைத்து, நான் கேட்க, அம்மா எழுத, தொடங்கிவிட்டோம். சின்னாச்சியின் பெயர் பொன்னம்மா என்கிறார். போன வாரம் பொன்னுப்பிள்ளை என்றார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். நீயும் அவரை ஒருமுறை அழை. உன்னிடம் வேறு விதமாகச் சொல்லக்கூடும், பெண்களுக்குள் பேசும்போது அவருக்கு நிறைய ஞாபகம் வருகிறது. ஆண்கள் பெயரை மட்டும் கேட்டு விட்டுவிடாதே. யார் எந்த வீட்டுப் பெண், எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேள். சிறுவயதில் இறந்த பிள்ளைகளையும் விடாதே.

அடுத்த மாதம் நாங்கள் வருகிறோம். அம்மா பிள்ளைப்பேற்றுக்கான சரக்கை இப்போதே வறுத்து இடித்து வைத்துவிட்டாள். வீடு முழுக்க மிளகும் மஞ்சளும் மணக்கிறது. மருமகனுக்கும் கொஞ்சம் ரசம் வைத்துத் தருவாளாம், வேண்டாம் என்று சொல்லவேண்டாம் என்கிறாள். பனியில் இறங்கும்போது படிக்கட்டில் கவனம்.

அன்புடன்,
அப்பா