கொண்டை ஊசி வளைவில் சொகுசுக் கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சொகுசுக் கார்களின் மாதிரி வடிவங்கள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். 2015இல் மெர்சிடிஸ் பென்ஸ் காட்சிப்படுத்திய, ஓட்டுநரின்றித் தானே ஓடும் எஃப் 015 என்ற மாதிரிக் காரில், முன் இருக்கைகள் பின்னோக்கித் திரும்பும் அளவுக்கு உள்ளே இடம் கிடைத்ததற்கு, முன், பின் சக்கரங்களுக்கிடையே 3610 மில்லிமீட்டர் விட்டதே முக்கியக் காரணம். அந்த இடைவெளி கூடக்கூட, வண்டி திரும்ப அகலமான சாலை வேண்டும். குமுளிக்கு ஏறும் வளைவுகளில், தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவரும் ஜீப்புகளுக்கு நடுவே, அது நடக்கிற காரியமா? பின்னோக்கி அமர்ந்தவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியேதான் வரவேண்டும்! மின்சாரக் கார்களில் பேட்டரி தரைக்கடியில் அமைவதால் தளம் மேடின்றிச் சமமாகி, நீளத்தைக் கூட்டாமலேயே கால் நீட்ட இடம் கிடைக்கிறது. வடிவமைப்பாளர்கள் அதனுடன், முதியவர்கள் குனியாமல் ஏறும் வாசலையும், பின்சக்கரங்களும் சற்றே திரும்பும் ஏற்பாட்டையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கம்பம்.