“தேயிலை எங்கே பார்த்தாலும் தேயிலைதானே?” என்று கேட்ட உங்கள் ஊழியர் பற்றி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று நாள் வால்பாறைச் சுற்றுலாக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் (நான்காவது கடிதம்)

ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று கடிதங்களும் உங்கள் அலுவலகத்தில் எங்காவது கிடக்கும். பதிவு எண், ரசீது நகல் எல்லாம் அவற்றில் உள்ளன. மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நீங்கள் விற்ற சுற்றுலாவில் என்னென்ன உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை, “நேரில் வாருங்கள், முடித்துவிடலாம்” என்று உங்கள் அலுவலகத்திலிருந்து சொன்னதை நம்பி, அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிக் கோவைக்கு வந்தேன். ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு முன் மேசை ஊழியர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “தேயிலைத் தோட்டம் காட்டினார்களா இல்லையா? தேயிலை எங்கே பார்த்தாலும் தேயிலைதானே, சார்?” என்றார். மேலாளரைக் கேட்டேன். “வெளியே போயிருக்கிறார்” என்றார். கண்ணாடி அறைக்குள் ஒருவர் தட்டில் கை கழுவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது நீங்கள்தானா என்று கேட்கமாட்டேன்.

தேயிலை எங்கே பார்த்தாலும் தேயிலை இல்லை, ஐயா. என் அம்மா வால்பாறையில் முடீஸ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் 23 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில்தான் நான் பிறந்தேன். 71 வயதில், ஒருமுறை அந்த மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவராகவே கேட்டதால்தான் உங்களிடம் 28,500 ரூபாய் கட்டினேன். 40 கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே கடந்தார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டாம் நாள் உங்கள் வழிகாட்டி வேனை நிறுத்தி, “இறங்குங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற இடத்தில் இருந்தது என்ன தெரியுமா? கவாத்து வெட்டிய தோட்டம். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். துளிர்க்கும் வரை வெறும் குச்சிதான். அம்மா ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுவாய் இன்னும் காயவில்லை. “போன வாரம் வெட்டியிருக்கிறார்கள். பச்சையாக எதுவும் இல்லையே” என்றார். வழிகாட்டி கொட்டாவி விட்டார்.

விளம்பரத்தில் நல்லமுடி பூஞ்சோலை காட்சி முனை இருந்தது, சோலையாறு அணை இருந்தது, கூழாங்கல் ஆறு இருந்தது. நல்லமுடிக்குப் போகவே இல்லை, “நேரமில்லை” என்றார்கள். நேரம் ஏன் இல்லை? முதல் நாளே ஆழியாறு சோதனைச் சாவடியில் வேன் இரண்டரை மணி நேரம் நின்றது. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு இ-பாஸ் கட்டாயம் என்பது எங்கள் தெருப் பால்காரருக்குக்கூடத் தெரியும். சுற்றுலாவே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாதா? என் கைபேசியில் நானே விண்ணப்பித்து வாங்கியதுதான் அந்தப் பாஸ். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சி முனையைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் என்று ஒன்று இருப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டோம்.

கூழாங்கல் ஆற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மா துணி துவைத்த ஆறு. இறங்க வேண்டாம் என்று தடுத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆற்றில் ஆபத்து உண்டு. ஆனால் பாலத்தருகே ஐந்து நிமிடம் நிறுத்தக் கேட்டதற்கு, “திட்டத்தில் இல்லை” என்றார் ஓட்டுநர். திட்டத்தில் இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில், படத்தோடு. அம்மா பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று முதல் அவருக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டது; இதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. அந்த மூன்று நாள்களுக்கு நீங்கள் பத்து லட்சம் தந்தாலும் ஈடாகாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அரை நாளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கும் தொழிலில் நெருக்கடிகள் இருக்கும் என்பது புரிகிறது. ஆகவே தயவுசெய்து, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் 28,500 ரூபாயையும் மன உளைச்சலுக்காக 1 லட்சம் ரூபாயையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். அந்த ஊழியர் என் அம்மாவிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இல்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நானே வந்து பேசுவேன். விடுப்பு இன்னும் பாக்கியிருக்கிறது.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
பொள்ளாச்சி வாடிக்கையாளர்

பி.கு.: புறப்படும்போது அன்பளிப்பாகத் தந்த தேயிலைத்தூள் பொட்டலத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அம்மா மேலாக முகர்ந்து பார்த்துவிட்டு, பிரிக்காமலே வைத்துவிட்டார்.